பிரான்சில் இருக்கும் புருஷன்

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அடுத்தவர் பேச்சில் தலையிடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் பெரிய மார்க்கெட்டிலிருந்து உழவர்கரைக்குப் போன பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் தம்பியிடம் கேட்டது காதில் விழுந்துவிட்டது.

"என் புருஷன எதுக்குடா பிரான்சுக்கு அனுப்புன?"

"மெதுவா பேசுக்கா. புருஷன விட்டுட்டு வந்தவன்னா எவன் வீடு குடுப்பான்? பிரான்ஸ்ல இருக்காருன்னு சொன்னதும் ஓனரம்மா உடனே சாவிய குடுத்தாங்க இல்ல?"

"அந்தாளு இங்க தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மீன் ஏத்திக்கிட்டு இருக்கான். பக்கத்து வீட்டுக்காரி என்னான்னா, அண்ணன் வரும்போது சென்ட் பாட்டில் வாங்கியாரச் சொல்லுன்றா. என் புள்ள, அப்பா எப்பம்மா பிளைட்ல போனாருன்னு கேக்குது."

"கொஞ்ச நாளைக்கு சமாளி."

"ஒரு வருஷத்துல துணிக்கடை, மருந்து கம்பெனி, இப்ப ஓட்டல் கிச்சன்னு மூணு வேல மாறிட்டேன். இது ரெண்டாவது வீடு. சாமான் தூக்குனதும் நானு, வாடகை குடுக்குறதும் நானு. பேரு மட்டும் அவனுக்கா?"

அவள் போனை எடுத்தாள். தம்பி கையைப் பிடித்தான், உதறிவிட்டாள்.

"ஓனரம்மா, என் புருஷன் பிரான்ஸ்ல இல்ல. நாங்க பிரிஞ்சிட்டோம். என் தம்பி சொன்னது பொய்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிங்கம்மா" என்று போனைப் பைக்குள் போட்டாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"மாசக் கடைசியில காலி பண்ணணுமாம். நாளைக்கு வேற வீடு பாக்கப் போறேன். இந்தத் தடவ நீ கூட வராத."

மலரு, பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வந்தியே, அந்தப் பொண்ணு போன்ல சொன்னத அப்படியே எழுதியிருக்கியா? படிச்சுக் காட்டு.