நூல் சேலைதானே கட்டியிருக்கே?

சிவகாசியிலிருந்து தாயில்பட்டி போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பட்டாசு ஆலைப் பெண் போனில் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டேன்.

"ரயிலு வாசல்ல நிக்காத தாயி, உசுருக்கு உத்தரவாதம் கெடையாது."

ஸ்பீக்கரில் மகள் பேசினாள். சென்னையில் இன்டர்ன்ஷிப்புக்கு முதல் நாள். மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். என் மகளும் போன வாரம்தான் அந்த ஊருக்குப் போனாள். என்னால் காதைத் திருப்ப முடியவில்லை.

"நான் உள்ளதான் நிக்கேன். நீ நூல் சேலைதானே கட்டியிருக்கே?"

"ஆமாத்தா."

அவள் கட்டியிருந்தது பளபளக்கும் பாலியஸ்டர். போனை வைத்ததும் பக்கத்தில் இருந்த தோழி அவள் கையில் கிள்ளினாள்.

"ஏங்க்கா பொய் சொல்லுத? வெடிமருந்து அலசிக் கலக்குற நீ போயி ரயிலுக்குப் பயப்படுதியே!"

"மருந்தை இருவது வருசமாத் தெரியும். அந்த ரயிலை எனக்குத் தெரியாதுல்ல."

"இந்தச் சேலை உரசித் தீப்பிடிக்கும்னு கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாகளே!"

"அனுப்பட்டும். சீசன்ல லீவு கேட்டாத் தரமாட்டாக. உள்ள போனா போனை வாங்கி வச்சிருவாக. இன்னைக்கு இது என் கையில இருக்கணும்."

போன் அடித்தது. "எறங்கிட்டேம்மா. ஆபீஸ் வாசல்ல நிக்கேன்."

"அதான் போய்ச் சேந்துட்டாளே, இன்னும் என்ன?" என்றாள் தோழி.

ஆலை வாசலில் பேருந்து நின்றது. பெண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"போனா மட்டும் போதுமாடி? திரும்பி வரணும்ல."