ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்

ஒரே ஒரு டம்ளர் காப்பி போடுவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. பெயர் அனந்தபத்மநாபன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, பெங்களூர் விவேக் நகரில் பதினோரு வருஷமாகத் தனி ஆள். இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிக்கொண்டுவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். மற்றதையும் சொல்கிறேன், நிதானமாகவே எழுதுங்கள்.

அறுபத்தைந்தில் மழை பொய்த்தது. பொம்மசந்திரா பக்கம் கேழ்வரகு முழங்கால் உயரம்கூட எழவில்லை. பயிர் கருகியவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ஒரு கிராமத்தில் இருபத்துமூன்று குடும்பங்களுக்கான உத்தரவு ஐப்பசியில் என் மேஜைக்கு வந்தது. வந்து வாங்கிக்கொள்ளும்படி ஆளுக்கொரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஒரு நாள் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அய்யாவு வந்தார். அந்த ஊர் விவசாயி. சிவாஜிநகரில் விறகு விற்றுவிட்டு, வழி விசாரித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சாமி, நம்ம காகிதம் வந்துச்சுங்களா?"

வந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "கொல்லைப் பொம்மைக்கும் லீவு குடுத்துட்டேங்க. காவல் காக்க என்ன இருக்குது?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னும் வரலை அய்யாவு. அடுத்த ஞாயித்துக்கிழமை வாயேன்."

வந்தார், எல்லம்மாவையும் இன்னும் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு. எல்லம்மா புருஷனை இழந்தவள், இரண்டு ஏக்கர்க்காரி. வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு வீட்டைப் பெருக்கினாள். "மனுசன் இருக்கற வூடா இது?" என்று என்னைத் திட்டினாள். எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா.

தைப் பொங்கலுக்குள் இருபத்துமூன்று வீட்டிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. பெரிய அடுப்பு மூட்டிக் களி கிண்டுவார்கள். மளிகை என் செலவு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு வரன் பார்க்க என்னிடம் யோசனை கேட்பார்கள். ஒரு குழந்தைக்கு என் பெயரையே வைத்தார்கள், வாயில் நுழையாமல் அனந்து என்று சுருக்கினார்கள். கிளம்பும்போது காகிதத்தைப் பற்றிக் கேட்பார்கள். மேலே போயிருக்கிறது, வந்துவிடும் என்பேன். நம்பினார்கள். அவ்வளவு நல்லவர்கள்.

மாசியில் சிலர் மாட்டை விற்றார்கள். அய்யாவு இளைத்துப்போனார். இலையில் வைத்ததைச் சாப்பிடாமல் துண்டில் முடிந்துகொள்வார், பேரப்பிள்ளைகளுக்காம். அப்போதும் என்னைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவார்.

பங்குனியில் ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. எல்லம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அய்யாவு அண்ணன் போயிட்டாரு சாமி. கெடைச்சதையெல்லாம் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டு, தண்ணியக் குடிச்சே கெடந்திருக்காரு."

அழுதேன். எல்லாரும் வந்து என்னோடு அழுதார்கள். வீடு கொள்ளவில்லை. துக்கத்தில் அத்தனை பேர் சுற்றி இருப்பதும் ஒரு நிறைவுதான். அன்றும் எல்லம்மா காகிதத்தைக் கேட்டாள். அன்றும் வரும் என்றேன்.

மறுநாள் அவள் நேராக ஆபீஸுக்கே போய்ப் பெரிய அதிகாரியைப் பார்த்திருக்கிறாள். என் மேஜை இழுப்பறையைத் திறந்தீர்கள். ஆமாம், உத்தரவு ஐந்து மாதமாக அங்கேதான் இருந்தது. ஒரு தாள்கூட மடங்காமல் வைத்திருந்தேன். ஒளித்தவன் நான்தான். ஒரு பைசா எடுக்கவில்லை. பணம் கைக்குப் போய்விட்டால் என் வீட்டுக்கு எதற்கு வருவார்கள்?

இப்போது எல்லாருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டார்களாம், சந்தோஷம். மூன்று ஞாயிறு ஆகிறது. ஒருவராவது என்னைப் பார்க்க வந்தார்களா? நான் பயந்தது சரியாகத்தானே போயிற்று?

கோர்ட்டில் எனக்காகப் பேச யாராவது உண்டா என்று கேட்டீர்கள். அய்யாவு இருந்திருந்தால் வந்திருப்பார்.