தங்கப் பக்கம்

அத மட்டும் என் கையில குடுக்காதீங்க சார். வேற எந்த வேல வேணாலும் சொல்லுங்க, பொட்டி தூக்கறேன், தண்ணி மொண்டாறேன். ரிஃப்ளெக்டர் மட்டும் வேணாம். நீங்க குந்துங்க, அப்பிடி பாறை மேல. வெயிலு வர்றதுக்கு இன்னும் கால் மணி நேரம் ஆவும். அவசரப்பட்டு கேமரா மூடியத் தொறக்காதீங்க.

எப்பிடித் தெரியும்னா? சாமை வெதைக்கிறவன் சார் நானு, வானத்தப் பாக்காம இன்னா பண்றது. ஆனா வெளிச்சத்தப் பாக்கறது வேற. அது இளவழகன் சார் வந்தப்புறம்தான் எனக்கு வெளங்குச்சு. ரெண்டு வருசம் முன்ன தை மாசத்துல இங்க புதூர்நாட்டுல ஒரு படம் எடுத்தாங்க. அதுக்கு கேமரா அவருதான். ஜெனரேட்டர் வண்டி மல ஏறமாட்டேன்னு பாதி வளைவுலயே நின்னுபூடுச்சு. எல்லாரும் தலையில கைய வெச்சுகினு நிக்கறாங்க. இவரு மட்டும், வண்டிய அனுப்பிடுங்கய்யா, சூரியன் இருக்குதுல்லன்னுட்டாரு. நாப்பது நாளு சார், ஒரு லைட்டு போடல.

நான் சும்மா வேடிக்க பாக்கப் போனவன். ஆளு பத்தலன்னு கூப்ட்டு அத கையில குடுத்தாங்க. உங்களுது மாதிரியேதான், வட்டமா, பெரிய முறம் கணக்கா, ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் தங்கம், வெயில வாங்கி மூஞ்சி மேல திருப்பி அடிக்கறது. வேல முடிஞ்சா மடிச்சு ஜிப்பு பையில போட்டுடலாம். மொத நாளு அந்த ஹீரோயின் பொண்ணு கண்ணுலயே அடிச்சுட்டேன், அது கண்ணு கூசி தண்ணியா கொட்டுது. மூணாம் நாளு கைக்குப் பழகிடுச்சு. ரெண்டு வெரக்கட சாச்சா தாடைக்குக் கீழ நெழலு கரையும். அது எனக்குத் தெரியும். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. சாயங்காலம் சூரியன் எறங்கறப்ப பத்து நிமிசம் ஒரு வெளிச்சம் கெடைக்கும் பாருங்க, அந்தப் பத்து நிமிசத்துக்கு மொத்த கூட்டமும் மூச்சப் புடிச்சுகினு நிக்கும். இளவழகன் சாரு சத்தம் போடுவாரு, ஜீவானந்தம் எங்க, ஜீவானந்தத்தக் கூப்புடுன்னு. வேற எவனும் தொடக்கூடாது. நாப்பத்தெட்டு வயசுல, ஒருத்தரு என் பேர முழுசா சொல்லிக் கூப்ட்டது அப்பதான் சார். இங்க எல்லாருக்கும் நான் சீவாதான்.

ஊட்டுக்காரியா? இருந்தா. குப்பம்மா. தெனம் மத்தியானம் தூக்குல களி எடுத்துகினு வருவா. இங்கியே சாப்பாடு போடறாங்கடின்னா, அது உன் வவுத்துக்கு ஆவாதுய்யான்னுவா. வவுத்துக்கு இல்ல சார், வேடிக்க பாக்கத்தான் வருவா, எனக்குத் தெரியாதா. ஒரு நாளு வெளையாட்டா தங்கப் பக்கத்தத் திருப்பி அவ மூஞ்சி மேல அடிச்சேன். யம்மாடி. கன்னம், மூக்குத்தி, காதோரத்து நரமுடி, எல்லாம் தகதகன்னு. கூட்டமே கையத் தட்டுது. அவ முந்தானைய இழுத்து மூடிகினு, போய்யா, மானத்த வாங்காதன்னு ஓட்றா. எங்க வூட்டுக்கு ஜன்னலு கெடையாது சார். மஞ்ச பல்பு ஒண்ணு எரியும், அவ்ளோதான். இருவத்தி மூணு வருசம் குடும்பம் நடத்திட்டு அவ மூஞ்ச அன்னிக்குதான் ஒயுங்கா பாத்தேன்.

இல்ல, போட்டோ இல்ல. கேமரா அந்தாண்ட பாத்துகினு இருந்துச்சு.

அப்பால கொஞ்ச நாள்ல சோறு எறங்கலன்னா. கை காலு ஓஞ்சு போவுதுன்னா. ஆனாலும் களி வந்துரும். வழியில நாலு எடத்துல குந்திட்டு வருவா. படம் முடிஞ்ச மறுநா வாந்தி. ஜீப்பு புடிச்சு திருப்பத்தூரு இட்டுகினு போயி, அங்கேர்ந்து வேலூரு. காமாலை, ஈரலே பூடுச்சுன்னாங்க. டாக்டரம்மா அவ கண்ண விரிச்சுப் பாத்துட்டு, இவ்ளோ மஞ்சளா இருக்குதே, வூட்ல யாரும் பாக்கலையான்னு கேட்டாங்க. ஒரு வாரம் முன்ன கொண்டாந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்னாங்க. நாலாம் நாளு பூட்டா.

வெண்ணிலா, என் பொண்ணு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குது. சாவுக்கு வந்தப்ப என் சட்டையப் புடிச்சுகினு கேட்டுது. ஊரார் மூஞ்சிக்கெல்லாம் வெளிச்சம் போட்டுப் பாத்தியேப்பா, எங்கம்மா கண்ணு உனக்குத் தெரியலையான்னு. நான் சொன்னேன், அந்தத் தங்கப் பக்கத்து வெளிச்சம்மா, அதுல எல்லாமே மஞ்சளாதான் தெரியும், ஏமாந்துட்டேன்னு. அது நம்பிடுச்சு. ஊரும் நம்பிடுச்சு. அவன் இன்னா பண்ணுவான் பாவம், வெளிச்சம் ஏமாத்திடுச்சுன்னு அவங்களே பேசிக்கறாங்க. இளவழகன் சாரு போன்ல அழுதாரு, அந்த ரிஃப்ளெக்டர இனிமே தொடமாட்டேன்னு.

பொண்ணு கூப்புட்டுகினேதான் இருக்குது, தனியா இன்னா பண்றே, வந்துருப்பான்னு. போவல. ஒரு வாரம் போயிருந்தேன். எனக்கு மீனு வாங்கியாந்து ஆக்கிப் போடுது, தல தேச்சு வுடுது. இருக்க முடியல. திரும்பி வந்துட்டேன். இங்க யாரும் வர்றதில்ல, அதுவும் ஒரு வகையில தேவலாம்.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க நாளைக்கு எறங்கிப் போய்டுவீங்க.

படம் முடிய ஆறு நாளு இருக்கறப்போ, ஒரு செவ்வாக்கெழம. காலையிலேர்ந்து வானம் மப்பு. ஒரு ஷாட்டு கூட எடுக்கல. ரிஃப்ளெக்டரு ஜிப்பு போட்ட பையில, என் கால்மாட்டுல கெடக்குது. அவ வந்து எதுத்தாப்புல குந்தி, தூக்குச் சட்டியத் தொறந்து வெச்சு, சாப்புடுய்யான்னு நிமுந்து பாத்தா. கண்ணு ரெண்டும் மஞ்சக் கெழங்கு சார். பாத்தேன். கடைசி சீனு பாக்கி இருக்குது, நான் போய்ட்டா வேற எவனாச்சும் புடிப்பான்னு தோணுச்சு. ஆறு நாளுதானே, முடியட்டும், அப்பால இட்டுகினு போலாம்னு கையக் கழுவிகினு களியத் தின்னேன்.