நெய்மாத்தின் தீவுக்குப் போகாத கடல்விமானம்

அந்தத் தளத்திலேயே மின்விசிறி இருந்த ஒரே கூடாரம் என்னுடையது. அதனால் எல்லோரும் என்னிடம் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பசிபிக் கடலில் நடந்த அணுகுண்டுச் சோதனைக்கு விமானங்களை ஒதுக்குவது என் வேலை.

குண்டு வெடித்து எழும் மேகத்துக்குள் புகுந்து தூசியை எடுத்துவர எட்டு விமானங்கள். அந்த விமானிகள் கடலில் விழுந்தால் மீட்க ஒரு கடல்விமானம். காற்று திசைமாறினால் கிழக்கே இருந்த சிறுதீவின் அறுபத்து நான்கு பேரை ஏற்றிவர இன்னொன்று. விமானம் வரும் என்று அந்தத் தீவுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். நெய்மாத் என்ற பெண் ஈரப்பலாவைச் சுட்டுக் கொடுத்தாள்.

"நெசமா வருவீங்களா?"

"கரையில வந்து நில்லுங்க. அது போதும்."

சோதனைக்கு முந்தைய நாள் மதியம் ஒரு கடல்விமானத்தின் எஞ்சின் பழுதானது. மிஞ்சியதை விமானிகளுக்கு வைத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வானிலை பார்க்கும் எல்வுட் வந்தான். "மேஜர், மேல காத்து கிழக்க திரும்புது. அந்தத் தீவுக்காரங்கள இன்னைக்கே ஏத்திடலாமே?"

"தளபதிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பிளேன் தயார்னு உங்க தாள்ல இருக்காம். அது போதுங்கறார்."

"அப்புறம் என்ன?"

"அந்த பிளேன்தான் ஓடாதே, மேஜர்."

"காலைக்குள்ள சரியாயிடும்" என்றேன். ஆகாது என்று மெக்கானிக் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

'தயார்' என்று நான் எழுதியபோது அது உண்மை. பிறகு அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

விடியலில் குண்டு வெடித்தது. எட்டு விமானங்களும் குறித்த நிமிடத்தில் திரும்பின. யாரும் கடலில் விழவில்லை. சும்மா நின்ற கடல்விமானத்தைத் தீவுக்கு அனுப்பியிருக்கலாம், ஆனால் சாம்பல் விழும் பக்கம் எந்த விமானமும் போகக்கூடாது என்று விதி இருந்தது. விதியை எழுதியவனும் நான்தான்.

மூன்றாம் நாள் போனோம். எல்லோரும் கரையிலேயே இருந்தார்கள்.

"மாவு மாதிரி வெள்ளையா கொட்டுச்சு" என்றாள் நெய்மாத். "புள்ளைங்க குடிசைக்குள்ள போறோம்னு அழுதுச்சுங்க. நாந்தான் விடல. இப்ப வந்துருவாங்க, இங்கேயே நில்லுங்கன்னு புடிச்சு வெச்சேன்."

பேசிக்கொண்டே மகளின் தலையைக் கோதினாள். முடி கையோடு வந்தது. மழைக்காலம் வருவதற்குள் அந்தச் சிறுமியையும் சேர்த்து நான்கு பேர் இறந்தார்கள்.

அந்த ஒரு சொல்லை நான் அடித்திருந்தால் சோதனை நின்றிருக்குமா என்று கேட்கிறீர்கள். நின்றிருக்காது. புது எஞ்சின் வந்து சேர ஒரு நாள் ஆகும், ஒரு நாள் தள்ளிப் போட்டிருப்பார்கள். நான் வெறும் மேஜர். அந்த ஒரு நாளைத் தவிர என் கையில் எதுவுமே இல்லை.