குச்சி தர மறுத்த சோணையம்மாள்

மேடையில் வீற்றிருக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் அழகுசுந்தரம் அவர்களே, அம்மையாரின் மகள் வீரலட்சுமி அவர்களே, துக்கத்தோடு கூடியிருக்கும் காரைக்குடிப் பெருமக்களே! பல் டாக்டர் காசிவிஸ்வநாதன் வணங்குகிறேன்.

பல்குச்சி சோணையம்மாள் போய்விட்டார். பள்ளத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வேப்பங்குச்சிக் கட்டோடு வந்து இறங்கி, பதினோரு ஆண்டுகள் வியாபாரம் செய்தவர். எங்கே? என் பல் ஆஸ்பத்திரி வாசலில்! எனக்கு எரியுமா, எரியாதா? அவரை அப்புறப்படுத்தச் சொல்லி நகராட்சிக்கு மனுவே எழுதி வைத்திருந்தேன்.

"என்னைய எதுக்கு வெரட்டுறீக டாக்டரே? வெளக்கத்தான் என்கிட்ட குச்சி. சொத்தைன்னா உங்ககிட்டதான வரணும்?" என்று சிரிப்பார். அத்தனை பல்லும் பளிச்சென்று தெரியும். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

சும்மா விற்றாரா? "நுனிய மென்னு பஞ்சாக்கிட்டு மேலயும் கீழயுமாத் தேய்ங்க. குறுக்கப் போட்டு அறுக்காதீக, ஈறு கிழிஞ்சுபோகும்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் கொடுப்பார். ஐந்து வருஷம் படித்த நான், நேரமில்லை என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது அது!

மூன்று வருஷத்துக்கு முன் நேமத்தான்பட்டி முத்துராமலிங்கம் அம்மையாரிடம் குச்சி வாங்க வந்தார். புகையிலை போடுகிறவர். கன்னத்தின் உள்ளே ஆறாத புண். குச்சியால் விளக்கினால் ஆறிவிடும் என்று நம்பிக் கேட்டார். அம்மையார் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இதுக்கு என் குச்சி ஆகாதுய்யா. தர மாட்டேன். உள்ள வாங்க."

"விக்க உக்காந்துட்டு இல்லேங்கிறீகளே!" என்று அவர் சத்தம் போட்டார். கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தினார் சோணையம்மாள். புற்றுநோயின் தொடக்கம்! மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். முத்துராமலிங்கம், கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். பாருங்கள், மக்களே! கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறார்!

அன்று சாயங்காலமே மனுவைக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்டேனா? வாய் வரவில்லை. இத்தனை பேர் முன்னால் இன்று கேட்கிறேன், அம்மா.

அந்த இடத்தில் நேற்றிலிருந்து வீரலட்சுமி உட்கார்கிறார். இன்று காலை மட்டும் இரண்டு பேரை உள்ளே அனுப்பிவிட்டார்! அவருக்குத் தகரக் கொட்டகை போட்டுத் தருவது என் பொறுப்பு. மாதம் ஒரு நாள் சந்தையில் நானே தரையில் உட்கார்ந்து வாய் பார்ப்பேன். இது அம்மையார்மேல் ஆணை.

மாதம் பிறக்கக் காத்திருப்பானேன்? டார்ச்சோடுதான் வந்திருக்கிறேன். யாரும் நேரே பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். வரிசையாக வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள். புகையிலை போடுகிறவர்கள் முதலில்!