காசியம்மாள் பாட்டின் மூன்றாவது சரணம்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் ஆதிநாராயணன் அவர்களே, இசைக்குழு நடத்தும் மணிபாரதி அவர்களே, ஜமுக்காளத்தில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் நம் பீங்கான் தொழிற்பேட்டைத் தோழிகளே, தாயைப் பறிகொடுத்த மகள் அமிர்தமே! அனைவருக்கும் இந்தத் திரௌபதியின் வணக்கம். வணக்கம் சொல்லிவிட்டேன். மேடைக்கு நான் தரும் மரியாதை அத்தோடு முடிந்தது.

பேசி முடித்ததும், மறைந்த தோழர் காசியம்மாள் பாட்டின் புது சிடியை நான் வெளியிட வேண்டுமாம். வெளியிட மாட்டேன்!

சற்று முன் அந்த சிடியைத்தான் ஒலிபெருக்கியில் போட்டீர்கள். அமிர்தம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, இது யாருங்க பாடுறது? அம்மா பாட்டப் போடுறோம்னு சொன்னாங்களே" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்வேன்? நீங்கள் சொல்லுங்கள், மணிபாரதி!

பாடிய சுபாஷினி மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பெண். சுருதி பிசகாமல் பாடியிருக்கிறாள். பிசகவே இல்லை, அதுதான் கோளாறு. காசியம்மாள் எங்கே பாடினாள்? ஸ்டுடியோவிலா? சூளையிலிருந்து வந்த கோப்பைகளைத் தரம் பிரிக்கும் பலகையில், எனக்கு எதிரே உட்கார்ந்து பாடினாள். ஒவ்வொரு கோப்பையையும் சின்னக் கம்பியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் கீறல். இருபத்திரண்டு வருடம் ஒரு கீறல் கோப்பையை நல்லதோடு சேர்த்தவள் இல்லை அவள். அந்தத் தட்டல்தான் பாட்டுக்குத் தாளம். கீறல் வந்தால் பாட்டு நின்றுவிடும். அதைக் கழித்துப் போட்ட பிறகுதான் அடுத்த சொல் வரும். 'சூளையில வெந்ததெல்லாம்' என்று பாடி நிறுத்தினாளே, அது சங்கதி இல்லையய்யா, கையில் உடைசல்! சுபாஷினியும் அதே இடத்தில் நிறுத்துகிறாள், கையில் ஒன்றுமே இல்லாமல். எதற்காக நிறுத்துகிறோம் என்று அந்தப் பெண்ணுக்கு ஒருவராவது சொன்னீர்களா?

இரண்டாவது சரணத்தில் காசியம்மாள் இருமுவாள். "இருமலெல்லாம் இல்லாம க்ளீனா பண்ணியிருக்கோம்க்கா" என்று என்னிடம் பெருமையடித்தவர் இந்த மணிபாரதி. அவளே பாடிய பழைய கேசட் பதிவானது தொண்ணூற்றொன்றில். பதினைந்து மே தினங்களில் அந்த இருமலையும் சேர்த்துத்தான் கேட்டோம், கைதட்டினோம். "இந்தப் பொம்பள நெஞ்ச டாக்டருகிட்ட காட்டுங்கப்பா" என்று ஒருவராவது சொன்னோமா? பீங்கான் தூசி அவள் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தது. அதை நமக்கு முதலில் சொன்னது அந்தக் கேசட்தான். எனக்கும் காது இல்லை, உங்களுக்கும் காது இல்லை. இப்போது இருமலே இல்லாத பாட்டைத் தயார் செய்து, அட்டையில் அவள் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லை?

இன்னும் இருக்கிறது, தலைவருக்கே தெரியாத சேதி. என் தம்பி சவுதியிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை அந்தப் பலகையில் வைத்து நான் பதிவு செய்த கேசட் அது. உலகத்தில் அது ஒன்றுதான். காசியம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பாட்டைப் பாடம் பண்ண வேண்டும் என்று மணிபாரதி வாங்கிப்போனார். அவர் திருப்பிக் கொடுத்ததை நேற்றுக் காலை அமிர்தம் கேட்டாளே என்று போட்டேன். இரண்டு சரணம் ஓடியது. மூன்றாவது சரணம் இருந்த இடத்தில் வெறும் இரைச்சல்! கேட்டால், "பட்டன் மாறி அமுங்கிடுச்சுக்கா. அதான் புதுசு வந்துடுச்சே, வுடுங்க" என்கிறார். வுடுங்களாம்!

மூன்றாவது சரணம் என்ன தெரியுமா? 'அமிர்தமின்னு பேரு வெச்சேன், அரைவயித்துக் கஞ்சி வெச்சேன்.' தாயின் குரலில் மகள் பெயர் பதிவாகியிருந்த ஒரே இடம் அது. புதுப் பாட்டில் அது 'கண்மணின்னு பேரு வெச்சேன்' ஆகிவிட்டது. ஊருக்குப் பொதுவாக இருக்கட்டுமாம்! பெயரை மாற்ற அது என்ன நீங்கள் பெற்ற பிள்ளையா?

காப்பி எடுத்து வைக்காதது என் தப்பு. அமிர்தம், ஊரறிய உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

"நீயாவது பாடிக் காட்டு திரௌபதி" என்று முன்வரிசையில் யாரோ சொல்கிறீர்கள். வரியெல்லாம் தெரியும். ஆனால் பாட மாட்டேன். நான் பாடினால் அது இன்னொரு நகல்தான்.

என் கையில் இருக்கும் இந்தக் கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. அதை உடைத்துவிட்டால் எந்த மடையன் சிவப்புப் பட்டனை அமுக்கினாலும் மேலே எதுவும் பதிவாகாது. அன்றைக்கே உடைத்திருக்க வேண்டும். இதோ, உங்கள் கண்முன்னால் உடைக்கிறேன். இனி ஒவ்வொரு மே தினத்திலும் இதுதான் ஓடும், இருமலோடு ஓடும். தரம் பிரிக்கும் பலகையில் உட்காரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வருடம் ஒருமுறை நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வைக்காமல் நான் ஓயமாட்டேன். காசியம்மாள் மேல் ஆணை!

நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறீர்கள். அது தனியாக வேண்டாம். மைக்செட்காரரே, சிடியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். இரண்டு சரணம் அவள் பாடுவாள். மூன்றாவது வரும்போது எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மணிபாரதி, நீங்களும்தான். இரைச்சல் முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது.