கல்யாணப் பொண்ணு தலையில நுரை

...அதைத்தான்க்கா சொல்றேன், நம்ம வீட்டு ஆம்பளைங்க கையில ஸ்பேனரைக் குடுத்தா மூளையைக் கழட்டி வச்சிடுவாங்க! கதவைத் தட்டாத. தலை நிறைய ஷாம்பு, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல, தெரியுது. வாயைத் திறக்காத, நுரை உள்ள போயிடும். நான் பேசறேன், நீ கேளு.

பெட்டி மார்ட்டினிக் தீவுல இருந்து நம்ம படகு இந்தக் கரியக்கூ தீவுக்கு வந்து சேர்றதுக்குள்ள அலையடிச்சு உன் தலையெல்லாம் உப்பு. "ஏன்டீ, கருவாடு மாதிரியா சர்ச்சுக்குப் போவே?" அம்மா குரல் அப்படியே வந்துச்சா? தள்ளிட்டா உன்னைப் படகு பாத்ரூமுக்குள்ள. கரையில மாப்பிள்ளை ஹெஸ்டன், அவரோட அண்ணன் கோட்டை மாட்டிக்கிட்டு வெயில்ல வெந்துக்கிட்டு நிக்கிறாரு.

இங்க பம்பு டகடகன்னு ஓடுது. குழாயோ ப்பூ... ப்பூன்னு வெறும் காத்தைத் துப்புது. வந்தாரய்யா கத்பர்ட் மாமா! "பம்பு செத்துப்போச்சு. நான் அப்பவே சொன்னேன்." எப்பவுமே அப்பவே சொன்னவரு! ஏன் மாமா, செத்தது எப்படி ஓடும்? அப்பா உடனே, "ம்ஹ்ம்... வடிகட்டி அடைச்சிருக்கும்." கழட்டினா கண்ணாடி மாதிரி இருக்கு. அப்புறம் பிரஷர் டேங்குக்கு சைக்கிள் பம்பால காத்தடிச்சாரு. வர்றதே காத்துதான், அதுக்கு மேல இன்னும் காத்தா!

தண்ணி டேங்குல குச்சி விட்டுப் பார்த்தாச்சு. கால் டேங்கு இருக்கு. "உறிஞ்சற பைப்பு வலது மூலையில அடி வரைக்கும் போகுதேடா..."ன்னு அப்பா தலையைச் சொறியறாரு. மாமா வச்ச ரம் கிளாஸ் வேற இடது பக்கமா நழுவிக்கிட்டே போகுது. அதுக்கும், "பம்பு அதிருது"ங்கறாரு!

என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? "நீ சின்னப் பய, போய் பீர் பெட்டியைப் பாரு." பார்த்தேனே! விருந்துக்கு வாங்கின அத்தனை பெட்டியையும் ஒத்தை ஆளா இடது பக்கம் அடுக்கினேன். ஆடு ரெண்டையும் அங்கதான் கட்டினேன். வலது பெஞ்சுல எனக்குக் கால் நீட்ட இடம் வேணாமா? படகு லேசா சாஞ்சுது, அதனால என்ன... தண்ணியும் அந்தப் பக்கமா... பைப்பு மட்டும் வலது மூலையில...

அக்கா. சர்ச்சு மணி எவ்வளவு அழகா அடிக்குது, இல்ல?

தாழ்ப்பாளை ஏன் திறக்கற? ஐயோ, துண்டோடவா... அந்த பிரஷ்ஷைக் கீழ போடு! அப்பா, மாமா, பிடிங்க! அவளைப் பிடிங்க, என்னை இல்ல! எல்லாரும் எதுக்கு இந்தப் பக்கமே வர்றீங்க? இதுதான் வலது ஓரம், இதுக்கு மேல கடல்தான்! அம்மா, நீயுமா!

ஆ! ...இரு, இரு, கேளு! உள்ள சொர்ருன்னு... தண்ணி கொட்டுதுக்கா! ஓடு, ஓடு!

மாமா, நீங்க எங்க கிளம்பறீங்க? நகராதீங்க! அவ தலை அலசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் இந்த ஓரத்தை விட்டு அசையக் கூடாது.

ஆமாப்பா... அடிக்கறதையும் இங்கயே நின்னு அடிங்க.